விளக்குப் பெட்டியில் வைக்கக் கூடாத படங்கள்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போலவே போன் செய்கிறாய். மாத்திரையை விழுங்கிவிடுகிறேன். போனைத்தான் விழுங்க முடியவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா என்ற மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் "ம்" என்ற ஒரே பதில்தான் இருக்கிறது. அந்த ஒரு எழுத்துக்காக உன்னையும் தொலைபேசிக் கம்பெனியையும் சிரமப்படுத்த வேண்டாம் என்று போனை அணைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கோபம் வந்தால் கடிதத்திலேயே கோபித்துக்கொள். வந்து சேருவதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாரம் இரண்டு முறை படம் வரையப் போகிறேன். சிரிக்காதே. மருத்துவமனையின் பின்கட்டில், முன்பு துவைத்த துணி அடுக்கிவைத்திருந்த அறையில் ஆலோசகர் அம்மா இதை நடத்துகிறார். விதி எளிது. மனத்தில் இருப்பதை நிறமாகத் தாளில் போட வேண்டும். மரம், வீடு, முகம் என்று அடையாளம் தெரியும்படி எதுவும் வரக் கூடாது. அடுத்தவர் படத்தைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு எல்லாருடைய தூரிகைகளையும் கழுவ வேண்டும். எங்களோடு ஒரு வங்கிக் காசாளர் இருக்கிறார். சேர்ந்த நாள் முதல் அவர்தான் கழுவுகிறார்.

குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போட்டே கண் கெட்டவன் நான். முதல் நாள் நீலத்தில் ஒரு கோடு இழுத்தேன். அது நேராக வந்தது. என்னை அறியாமலே பக்கத்தில் குழாயின் விட்டத்தையும் எழுதிவிட்டேன். ஆலோசகர் அம்மா குனிந்து பார்த்து, "இதுல தண்ணி எங்க போகுது?" என்றார். மேல்நிலைத் தொட்டிக்கு என்றேன். "அப்ப இன்னைக்கு நீங்க வாரியத்துக்கு வேலை பார்த்திருக்கீங்க. அடுத்த தடவை உங்களுக்காக வாங்க" என்றார்.

படத்தை யாருக்காவது கொடுக்கலாம் என்றும் சொன்னார். எனக்கென்று இருப்பது நீதான். ஆபீசில் மிஞ்சிய டிரேசிங் தாளில் வரைந்தது. ஈரம் பட்டுச் சுருங்கியிருக்கிறது. சுருக்கத்தையும் படத்தில் சேர்த்துக்கொள். அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


மார்ச் 9

தம்பி,

போனை அலமாரியிலிருந்து எடு.

படம் வந்தது. அத்தான் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவர் எதைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் அப்படித்தான் சொன்னாராம்.

நான் அதை வேலைக்கு, என் எக்ஸ்ரே அறைக்கு எடுத்துப் போனேன். தாள் மெல்லியதாக இருந்ததால் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். மேலே மஞ்சள் பரவாயில்லை. கீழே வலது ஓரத்தில் ஒரு கெட்டியான பகுதி இருக்கிறது. அது என்ன? உனக்கு வலதா, பார்க்கிற எனக்கு வலதா? நீ குறி போடவில்லை. படம் எடுப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இடது, வலது போடத்தான். அது இல்லாத படத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

இனி வாரம் ஒரு படம் அனுப்பு. மூலையில் தேதி போடு. இடது, வலது போடு. ஒரே அளவுத் தாளாக இருக்கட்டும். அப்போதுதான் போன வாரத்தோடு ஒப்பிட முடியும்.

இங்கே பின் அறை காலியாகத்தான் கிடக்கிறது. வந்துவிடு என்று எத்தனை முறை சொல்வது? தனியாக இருந்து யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறாய்?

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? மாத்திரை?

அக்கா

"இது என்ன?" என்று கேட்டதற்காக என் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவிவிட்டேன்.


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் துறையின் விதிகளின்படி இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். தேதி, இடது, வலது எல்லாம் உண்டு. நோயாளியின் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட ஒரு டாக்டரை நீயே பார்த்துக்கொள்.

ஆலோசகர் அம்மாவிடம் உன் விளக்குப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்கா ரொம்பப் பயந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது புதிய செய்தி. நீ பயந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களைப் பயமுறுத்தித்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அறையில் ஒரு அம்மா இருக்கிறார். சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். நாங்கள் அவரைச் சாம்பல் அக்கா என்கிறோம். அவரே வைத்துக்கொண்ட பெயர்தான். போன வாரம் காசாளர் அவர் பக்கம் ஒரு சிவப்புக் குப்பியை மெல்ல நகர்த்தி வைத்தார். "உங்க வேலையைப் பாருங்க தம்பி. நான் இன்னும் இதையே முடிக்கல" என்றார் சாம்பல் அக்கா. யாருக்கும் அவசரம் இல்லாத ஒரு இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் வாரியத்தில்கூட யாராவது ஒருவருக்கு அவசரம் இருக்கும்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் தலைக்குள் ஓயாமல் ஒரு பொதுக்கூட்டம் நடக்கிறது. பேச்சாளர் ஒருவர்தான். தலைப்பும் ஒன்றுதான்: நான் எதற்கும் லாயக்கில்லை. தூரிகையைத் தண்ணீரில் நனைத்து நிறத்தைத் தாளில் விடும்போது, அது தன் இஷ்டத்துக்கு ஓடும்போது, ஒலிபெருக்கியை யாரோ கழற்றியதுபோல் இருக்கிறது. ஆள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குக் கேட்பதில்லை. அவ்வளவுதான் இதில் விஷயம். நிறங்களுக்கு அர்த்தம் கிடையாது. தயவுசெய்து தேடாதே.

மே மாதம் வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்கிறார். அதனால் உன் பின் அறைக்கு வரவில்லை. என் வீட்டில் இருந்து, என் பூட்டைப் பூட்டி, என் வேலைக்குப் போக வேண்டும். அது முடிந்தால்தான் எனக்கு என் மேல் நம்பிக்கை வரும்.

தம்பி


மார்ச் 26

தம்பி,

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஒப்பிட்டேன். கெட்டியான பகுதி பெரிதாகியிருக்கிறது. அது தேடியதால் கிடைத்ததல்ல. கண்ணில் பட்டது.

இரண்டாவது கருத்து கேட்பது நல்லது என்று, ஒன்றை எங்கள் டாக்டர் பார்க்க வேண்டிய அடுக்கில் செருகிவைத்தேன். அவர் நிமிராமலே பார்த்துவிட்டு, "பேஷன்ட் அசைஞ்சுட்டாரு. திரும்ப எடுங்க" என்றார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு வேலை போகாதது ஆச்சரியம். அவருக்குப் போகாதது அதைவிட ஆச்சரியம்.

தேடாதே என்கிறாய். கேள். அக்டோபரில் அன்று காலையில் உனக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன்க்கா" என்றாய். குரல்கூட நன்றாகத்தான் இருந்தது. நானும் நிம்மதியாக வேலைக்குப் போனேன். சாயங்காலம் உன் எதிர்வீட்டுத் தையல்காரர் போன் செய்தார். மொட்டை மாடியில் உன்னைப் பார்த்து, மேலே ஏறி வந்து, பேசிப் பேசி உன்னைக் கீழே அழைத்து வந்ததாகச் சொன்னார். அவர் மட்டும் அன்று துணியை உலர்த்தத் தன் மாடிக்கு வராமல் இருந்திருந்தால் என்று நான் யோசிப்பதில்லை. யோசிப்பதில்லை என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

உன் வாயை நம்பி ஒரு தடவை நிம்மதியாக இருந்துவிட்டேன். இனி முடியாது. எனக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் வலி இல்லை என்றுதான் சொல்வார்கள். படத்தில் எலும்பு முறிந்திருக்கும். அதனால் எனக்குப் படம் வேண்டும். தொடர்ந்து அனுப்பு.

மே மாத வேலை பற்றி இப்போது பேச வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

இந்த வாரம் எழுத நேரமில்லை. படம் மட்டும். தேதி, இடது, வலது போட்டிருக்கிறேன். முழுக்கக் கறுப்பாக இருப்பதால் குறிகள் தெரியாது. பின்பக்கம் பார்.

தம்பி


ஏப்ரல் 11

அக்கா,

அத்தான் ஊர் வந்து சேர்ந்திருப்பார். அவர் சொன்னதைக் கேட்டிருப்பாய். இனி நான் சொல்வதைக் கேள்.

மதியம் கட்டிலில் படுத்திருந்தேன். ஏதோ உடைகிற சத்தம் கேட்டுக் கண் விழித்தால் எதிரே அத்தான் நிற்கிறார். அவருக்குப் பின்னால் தையல்காரர். தையல்காரருக்குப் பின்னால் ஒரு தச்சர். தச்சர் கையில் என் கதவு. முன்பின் தெரியாத ஒருவர் என் வீட்டுக் கதவைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று என்னிடமே கேட்டார்.

அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"தூங்கிட்டு இருந்தியாடா?"

"ஆமா அத்தான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அத்தான். தூக்கம்தான்."

"சரி, தூங்கு."

அப்படிச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சுவரில் தலை சாய்த்து அவரே தூங்கிப்போனார். விடியற்காலையில் கிளம்பிய மனிதர். கதவில்லாத வீட்டில் நானும் தச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கறுப்புப் படத்தின் கதை இது. வேலைக்குத் திரும்பச் சொல்லி ஆபீசிலிருந்து கடிதம் வந்த நாள். நேராக அந்த அறைக்குப் போனேன். முதலில் பச்சை, பிறகு நீலம் போட்டேன். பொதுக்கூட்டம் நிற்கவில்லை. கறுப்பு டப்பாவைத் திறந்து கையாலேயே பூச ஆரம்பித்தேன். இரண்டு கையாலும். தாள் கிழிந்துவிடும் என்று நினைத்தேன், கிழியவில்லை. மூச்சு வாங்கியது. தோள் வலித்தது. முடிந்ததும் பார்த்தால் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். காசாளர் வாயைத் திறந்தார், தூரிகைகளை நினைத்து மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் வெயில் ஏறித்தான் எழுந்தேன். அக்டோபருக்குப் பிறகு நான் தூங்கிய முதல் முழுத் தூக்கம் அது. அதிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் தூங்கித் தீர்க்கிறேன், மதியம்கூட.

அந்தத் தூக்கத்தைத்தான் நீ ஆள் அனுப்பி உடைத்திருக்கிறாய். உன் தொழில்படி பார்த்தாலும் தப்பு. எக்ஸ்ரேயில் கறுப்பு என்றால் காற்று, வெள்ளைதான் கவலை என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

இனிப் படம் அனுப்ப மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

கதவுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆள் அனுப்பியதற்குக் கேட்க மாட்டேன். நாளைக்கே மறுபடி அப்படி நடந்தாலும் அனுப்புவேன்.

நுரையீரலில் கறுப்பு என்றால் காற்று. சரிதான். ஆனால் தாள் முழுக்க ஒரே கறுப்பாக வந்தால் அதற்கு வேறு பொருள். எக்ஸ்ரே குழாய்க்கும் பிலிமுக்கும் நடுவில் ஆளே இல்லை என்று பொருள். அதை விளக்குப் பெட்டியில் மாட்டியதிலிருந்து அலமாரியில் கிடக்கும் உன் போனுக்கு விடியும்வரை விடாமல் அடித்தேன். பிறகு அத்தானிடம் சொன்னேன். அவர் சட்டை மாற்றாமல் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவன் தூங்குறான். நீதான் தூங்கல" என்றார். இத்தனை வருஷத்தில் எதையும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லாதது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஒரு பெரியவருக்கு நெஞ்சுப் படம் எடுத்தேன். மூச்சை இழுத்து நிறுத்துங்கள் என்றேன். படம் எடுத்தாயிற்று. விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், முகம் சிவந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார். கடைசியில், "அம்மா, நான் விட்டுக்கலாமா?" என்று அவரே அனுமதி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பு பிலிம் கழுவிய இருட்டறைக்குள் போய் நின்றுகொண்டேன். இப்போதெல்லாம் அங்கே பழைய நாற்காலிகளைத்தான் போட்டுவைக்கிறார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் அழுதேன்.

எங்கள் மருத்துவமனையிலும் ஒரு ஆலோசகர் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். என் பிரச்சினை என் தம்பி என்றேன். அவர் என் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்தார். எனக்கு விலா எலும்புதான் வந்தது. எப்படித் தொடங்கினாலும் விலா எலும்பில் போய் முடிகிறது. அப்புறம் எங்கள் தொழிலிலேயே இல்லாத நிறமாக எடுத்தேன். சிவப்பு. கை போன போக்கில் விட்டேன். பக்கத்து மேஜைப் பெண் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் நல்லா இருக்கேன்.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சிவப்புப் படத்தைப் பிரித்ததும் முதல் காரியமாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளக்குப் பெட்டி இல்லாத குறைதான். நடுவில் ஒரு இடத்தில் தாள் தேய்ந்திருக்கிறது. அங்கே எத்தனை தடவை தேய்த்தாய்? ஏன் அங்கே மட்டும்? நல்லா இருக்கேன் என்று எழுதியிருக்கிறாய். அக்டோபரில் நான் உன்னிடம் சொன்னதும் அதே வார்த்தைதான். தையல்காரரிடம் காட்டினேன். "துணியா இருந்தா சாயம் போகும்" என்று தொழில்முறைக் கருத்து சொன்னார். நான் ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்துவிட்டேன்.

அங்கே டிக்கெட் வரிசையில் நிற்கும்போதுதான் உன் இடத்தில் நின்று பார்ப்பது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. நம் இரண்டு பேருக்கும் கதவு உடைக்கிற குணம் இருக்கிறது. வரிசையிலிருந்து விலகி வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். படத்திடம் கேட்டால் சொல்லாது, அக்கா. அது சொல்வதற்காக வரைந்ததில்லை, இறக்கி வைப்பதற்காக வரைந்தது. கேட்க வேண்டியதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். ஆள் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது பாதி என் பொறுப்பு. இதோ சொல்கிறேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். எல்லாரும் என்னிடம் கண்ணாடிப் பாத்திரத்திடம் பேசுவதுபோல் பேசினார்கள். அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். செவ்வாய் முடியவில்லை. ஒரு கோடு போட அரை நாள் ஆனது. புதன்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை. சாப்பிடவில்லை. காலை மாத்திரையை மதியம்தான் போட்டேன். பேச்சாளர் முழுநாளும் பேசினார். மாடியைப் பற்றி ஒரு தடவை நினைவு வந்தது. நினைவுதான் வந்தது, நான் போகவில்லை. ஆலோசகர் அம்மாவுக்கு உடனே போன் செய்தேன், அலமாரியிலிருந்து எடுத்து. வரச் சொன்னார். போனேன். அவரோடு பேசினேன். பிறகு ஒரு தாள் முழுக்க ஏதோ ஒரு மஞ்சள் போட்டேன். நன்றாகவே இல்லை. சாம்பல் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழன் வேலைக்குப் போனேன். இன்றும் போனேன்.

அதனால், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில்: இந்த வாரம் இரண்டு நாள் நல்லா இல்லை. மற்ற நாள் பரவாயில்லை. இப்படியே ஒவ்வொரு வாரமும் எழுதுவேன். அவசரம் என்றால் எழுத மாட்டேன், போன் செய்வேன். போன் இப்போது மேஜைமேல் இருக்கிறது.

இப்போது நீ சொல். அந்தத் தேய்ந்த இடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன்.

தம்பி


மே 14

தம்பி,

நான் நல்லா இல்லை. அக்டோபரிலிருந்தே இல்லை. பஸ்ஸில், சமையலறையில், வேலையில், எங்கே போன் அடித்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பக்கத்து வீட்டுப் போன் அடித்தாலும் அடைக்கிறது. இதை எழுதுவது எலும்பு முறிவைவிட வலிக்கிறது. ஆனால் எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் ஆலோசகரிடம் போகிறேன். விலா எலும்பு குறைந்திருக்கிறது.

பின் அறையைப் பற்றி இனிப் பேச மாட்டேன். அங்கே என் மேஜையைப் போட்டுக்கொண்டேன். நிறமெல்லாம் தரையில் சிந்துகிறது, அதற்கு ஒரு கதவு இருப்பது நல்லதுதான். நீ படம் அனுப்பினால் சந்தோஷம். சுவரில் மாட்டுவேன். இடது, வலது போட வேண்டாம்.

உன் கடிதம் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து நின்றுகொண்டே படித்தேன். திங்கள் படித்தேன், செவ்வாய் படித்தேன், புதன்கிழமைக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். மாடி என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன். பிறகு வியாழன், பிறகு இன்றும் போனேன் என்பது. கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அத்தான் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். காலில் செருப்பைக்கூடப் போட்டுவிட்டார், கிளம்பத் தயாராக.

"என்ன எழுதியிருக்கான்?" என்றார்.

"ரெண்டு நாள் முடியலையாம். அவனே எழுதியிருக்கான்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து,

"அப்பாடா" என்றார்.

அக்கா